பஸ் ஏறக் கற்பது: 1978ன் இரண்டு கதைகள்

பஸ்ஸில் போவதை நமக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. முதலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனோம், பிறகு அண்ணனோடு போனோம், ஒரு நாள் தனியாகப் போனோம். அவ்வளவுதான். ஆனா அந்த "அவ்வளவுதான்" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நிறுத்தம் எது என்று தெரிய வேண்டும். வருகிற நான்கு பஸ்ஸில் நம் பஸ் எது என்று பார்க்க வேண்டும். கை காட்டி, ஏறி, சீட்டு வாங்கி, விழாமல் நின்று, இறங்கும் இடத்துக்கு முன்பே எழுந்து, இறங்கி, சாலையைக் கடக்க வேண்டும். ஒரு வரியில் சொல்லும் காரியத்தை இருபது படியாக உடைப்பது மென்பொருள் எழுதும் எங்களுக்குத் தினசரி வேலை. அதே வேலையை மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்காகச் சிலர் 1940களிலிருந்தே செய்துவந்திருக்கிறார்கள் என்பது கொஞ்ச நாள் முன்புவரை எனக்குத் தெரியாது. தேடித் தேடிப் படித்ததை இங்கே கோர்த்து வைக்கிறேன். பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. கடைசியில் நம் ஊர்ப் பக்கமும் கொஞ்சம் வருவோம்.

தடியின் நீளம்

கதை பஸ்ஸில் தொடங்கவில்லை, தடியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த இளம் சிப்பாய்கள் பென்சில்வேனியாவில் இருந்த வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். நேற்றுவரை தனியாகச் சுற்றியவர்கள், இன்று கழிவறைக்குப் போகவே ஒருவர் கை வேண்டும். 1944ல் அங்கே பணிக்கு வந்தவர் ரிச்சர்ட் ஹூவர். ராணுவத்துக்கு வருமுன் மேரிலாந்து பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்.

அதுவரை பார்வையற்றவர் கையில் இருந்த தடி குட்டையானது, ஊன்றிக்கொள்வதற்கானது. வெள்ளை அடித்தது, 'இவர் பார்வையற்றவர், வழி விடுங்கள்' என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காக. ஹூவர் தடியை நெஞ்செலும்பு உயரத்துக்கு நீட்டினார், எடையைக் குறைத்தார், ஊன்றுவதை விட்டுவிட்டு இடமும் வலமுமாக வீசித் தட்டச் சொன்னார். வலது கால் முன்னே போகும்போது தடியின் நுனி இடது பக்கம் தட்டும். அதாவது, அடுத்த அடி எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைத் தடி முன்கூட்டியே சோதித்துவிடும். அடையாளமாக இருந்த தடி, தகவல் சேகரிக்கும் கருவி ஆனது.

தடி பாதிதான். அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது மீதிப் பாதி. 1948ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹைன்ஸ் மருத்துவமனையில் பார்வையற்ற முன்னாள் படைவீரர்களுக்கான மையம் தொடங்கியது. அதன் தலைவர் ரஸ்ஸல் வில்லியம்ஸ், அவரே போரில் பார்வை இழந்தவர். அங்கே பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் தங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து பழக வேண்டும். வீட்டுக்குள் நடை, பிறகு அமைதியான தெரு, பிறகு கடைத்தெரு, பிறகு பஸ், ரயில் என்று படிப்படியாகப் பாடம் விரியும். இந்தத் துறையில் ஒரு தேர்வு பிரபலம்: மாணவரை வண்டியில் ஏற்றி, இடம் சொல்லாமல் ஊரில் எங்கோ இறக்கிவிட்டு விடுவார்கள். அவராக விசாரித்து, தடி தட்டிக் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

1960ல் பாஸ்டன் கல்லூரியும் 1961ல் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இதைப் பட்டப்படிப்பாக்கின. இதில் ஒரு முரண். பயிற்றுநருக்குக் கண் பார்வை கட்டாயம் என்று விதி வைத்தார்கள், மாணவருக்கு ஆபத்து வந்தால் பார்க்க வேண்டுமே என்ற காரணத்தால். பார்வையற்றோர் அமைப்புகள் கொதித்தன. 'பார்வையில்லாமலே பாதுகாப்பாகப் போகலாம் என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறீர்கள், ஆனால் அதே ஆள் பாடம் நடத்தினால் பாதுகாப்பில்லை என்கிறீர்களே?' என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்த விதி தளரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆபத்துக்கும் ஒரு உரிமை

சிப்பாய்களுக்கு இவ்வளவு செய்த அதே நாட்டில், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் நிலை வேறு. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோப்ரூக் என்று ஒரு அரசு விடுதி. 4,000 பேருக்குக் கட்டிய இடத்தில் 1965 வாக்கில் 6,000 பேர் அடைந்து கிடந்தார்கள். அந்த ஆண்டு ராபர்ட் கென்னடி போய்ப் பார்த்துவிட்டு வெளிப்படையாகக் கண்டித்தார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1972ல் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போனபோதுதான் நாடு அதிர்ந்தது. வழக்கு நடந்து 1975ல் ஒரு தீர்ப்பு ஒப்பந்தம் வந்தது. இவர்களை ஊருக்குள், சின்ன வீடுகளில் வாழவைக்க வேண்டும் என்ற திசையில் அரசு நகர்ந்தது.

ஊருக்குள் வந்தாச்சு. சரி, வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே எப்படிப் போவது? பூட்டிய விடுதிக்குள் இருந்தவரை எழாத கேள்வி இது.

இதற்கான சிந்தனை ஸ்காண்டிநேவியாவில் தயாராகிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு எது வழக்கமான வாழ்க்கையோ அது இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று டென்மார்க்கில் பாங்க்-மிக்கெல்சனும் ஸ்வீடனில் பெங்ட் நிர்யேவும் வாதிட்டார்கள். அந்த நாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கப் போதகர், 1972ல் சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரை எழுதினார். 'ஆபத்தை எதிர்கொள்வதில் உள்ள மரியாதை' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

அவர் வாதம் எளிமையானது. நாம் எல்லாரும் தினமும் கொஞ்சம் ஆபத்தோடுதான் வாழ்கிறோம். சாலையைக் கடக்கிறோம், புது வேலைக்குப் போகிறோம், தோற்கிறோம். இந்தப் பிள்ளைகளிடமிருந்து மட்டும் அத்தனை ஆபத்தையும் எடுத்துவிட்டால், அதோடு சேர்த்து அவர்கள் மனிதர்கள் என்கிற மரியாதையையும் எடுத்துவிடுகிறோம். அதிகப் பாதுகாப்பு அன்பு போலத் தெரியும், ஆனால் அதுவும் ஒரு வகை அவமதிப்புதான். பின்னால் வந்த பயணப் பயிற்சிக்காரர்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கட்டுரையின் பிள்ளைகள்.

முதல் கதை: மாதிரி ஊரும் பொம்மையும்

இப்போது 1978க்கு வருவோம். நடத்தை ஆய்வு இதழ் ஒன்றில் நீஃப், இவாட்டா, பேஜ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறிவுசார் குறைபாடுள்ள ஐந்து மாணவர்களுக்குப் பஸ் பயணம் கற்றுக்கொடுத்த கதை. பஸ் பயணத்தை ஐந்து திறனாகப் பிரித்தார்கள்: பஸ்ஸைக் கண்டுபிடிப்பது, கை காட்டுவது, ஏறுவது, பயணம் செய்வது, இறங்குவது. பாடம் நடந்தது வகுப்பறைக்குள். ஊரின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து, அதில் ஒரு பொம்மையை நகர்த்தவைத்தார்கள். பிறகு நடித்துக் காட்டவைத்தார்கள். பிறகு படங்களை வரிசையாகத் திரையில் போட்டு 'இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டு முன்னால் இதே மூவர் சாலை கடப்பதற்கும் இதுபோல மாதிரித் தெரு வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

மென்பொருள்காரனாக எனக்கு வந்த முதல் சந்தேகம்: சோதனைச் சூழலில் ஓடுவது நிஜ சர்வரில் ஓடுமா? அவர்களுக்கும் அதே சந்தேகம். அதனால் மாணவர்களை அவ்வப்போது நிஜ நகரப் பேருந்திலும் சோதித்தார்கள். ஓடியது! பயிற்சி முடிந்து 12 மாதம் கழித்தும் நிஜ பஸ்ஸில் சரியாகப் போய்வந்தார்கள். ஒப்பீட்டுக்காக வேறு இரண்டு பேருக்கு நேரடியாகத் தெருவிலும் பஸ்ஸிலும் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் அதே அளவு பலன் தந்தது, ஆனால் நேரமும் செலவும் அதிகம்.

ஏழு பேரை வைத்துச் செய்த ஆய்வு, இதிலிருந்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் 'இவர்களுக்கு இதெல்லாம் வராது' என்று அன்று பலரும் நம்பியதை உடைக்க ஏழு பேர் போதும். வராது என்பதற்கும் யாரும் சொல்லித்தரவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து காட்டினார்கள்.

இரண்டாம் கதை: பஸ்ஸை மறித்த 19 பேர்

அதே 1978. ஜூலை 5. இடம் கொலராடோவின் டென்வர் நகரம், கோல்ஃபாக்ஸும் பிராட்வேயும் சந்திக்கும் நாற்சந்தி. சக்கர நாற்காலியில் வந்த 19 பேர் இரண்டு நகரப் பேருந்துகளை முன்னும் பின்னும் மறித்துக்கொண்டார்கள். இரவு முழுக்க அங்கேயே இருந்தார்கள், மறுநாளும் நகரவில்லை. கோஷம் ஒன்றுதான்: நாங்களும் பஸ்ஸில் போவோம்.

இவர்கள் அட்லாண்டிஸ் என்ற சமூக அமைப்பைச் சேர்ந்தவர்கள். வேட் பிளாங்க் என்பவர் முன்பு ஒரு முதியோர் காப்பகத்தில் வேலை பார்த்தார். உடல் குறைபாடுள்ள இளைஞர்களைப் போக இடமில்லை என்பதற்காக அந்தக் காப்பகத்தில் கிழவர்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து, சொந்த வீட்டில் வாழவைக்க 1975ல் தொடங்கியதுதான் அட்லாண்டிஸ். வெளியே வந்தவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை பஸ் படிக்கட்டு. சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி இல்லாத பஸ்களையே நகரப் போக்குவரத்து நிர்வாகம் வாங்கிக்கொண்டிருந்தது. ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எங்கே உட்காருவது என்பதற்காகப் போராடினார். இவர்கள் உள்ளே ஏறுவதற்கே போராட வேண்டியிருந்தது.

மாதிரி ஊரில் பொம்மையை எவ்வளவுதான் நகர்த்திப் பழகினாலும், சக்கர நாற்காலிக்காரர் நிஜ பஸ்ஸின் மூன்று படியில் ஏற முடியாது. அது அவர் கற்கவேண்டிய பாடம் அல்ல, பஸ் கற்கவேண்டிய பாடம். 1983ல் இந்தக் குழுவிலிருந்து அடாப்ட் என்ற அமைப்பு பிறந்து, ஊர் ஊராகப் பஸ்களை மறித்தது. 1990 மார்ச்சில் வாஷிங்டன் நாடாளுமன்றப் படிக்கட்டில் மாற்றுத்திறனாளிகள் நாற்காலியை விட்டிறங்கித் தவழ்ந்து ஏறினார்கள், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் ஏறினாள். அதே ஆண்டு ஜூலை 26ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. இனி வாங்கும் நகரப் பேருந்து ஒவ்வொன்றிலும் சக்கர நாற்காலி ஏற வழி இருக்க வேண்டும். முக்கிய நிறுத்தங்களைச் சத்தமாக அறிவிக்க வேண்டும். அப்படியும் பஸ்ஸில் போக முடியாதவர்களுக்கு, பஸ் தடத்திலிருந்து முக்கால் மைல் தூரத்துக்குள் தனி வேன் சேவை தர வேண்டும், கட்டணம் பஸ்ஸைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது.

ஆளைத் தயார் செய்வதா, பஸ்ஸைத் தயார் செய்வதா என்று இன்றும் சிலர் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். 1978ன் இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று இல்லாமல் மற்றது நொண்டும் என்பது தெரியும்.

நியூயார்க் முறை

நியூயார்க் நகரப் பள்ளிகளில் பயணப் பயிற்சி 1970களிலேயே வந்துவிட்டது. அந்த அனுபவத்தை வைத்து 1996ல் வெளியான வழிகாட்டிக் குறிப்பு ஒன்று எனக்குப் பிடித்த ஆவணம். ஒரு மாணவருக்கு ஒரு பயிற்றுநர். ஒரே ஒரு பாதை, பெரும்பாலும் வீட்டிலிருந்து பள்ளிக்கு. முதலில் பக்கத்திலேயே நடந்து ஒவ்வொன்றையும் சொல்லித்தருவார். பிறகு பேச்சைக் குறைத்துக் கூடவே வருவார். பிறகு பத்தடி பின்னால், அதே பஸ்ஸில் வேறு இருக்கையில். பிறகு மாணவர் கண்ணில் படாமல் தூரத்திலிருந்து. வழி தவறினால் என்ன செய்வது, யாரிடம் உதவி கேட்பது என்பதும் பாடத்தில் உண்டு.

அதில் ஒரு கட்டத்தைப் படித்தபோது கொஞ்சம் பகீரென்றது. மாணவருக்கு முன்பின் தெரியாத பயிற்றுநர் ஒருவர் சாதாரண உடையில் வந்து பேச்சுக் கொடுப்பார். பெயர், முகவரி கேட்பார், கூட வரச்சொல்வார். மாணவர் அசையாமல் தன் வழியில் போனால்தான் தேர்ச்சி. போய்விட்டால் மறுபடி பயிற்சி. பெற்றோரின் மிகப் பெரிய பயத்தை ஒளித்துவைக்காமல், அதையே ஒரு தேர்வாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

1999ல் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் விதிகளில் பயணப் பயிற்சி பெயர் சொல்லி இடம்பெற்றது. தேவைப்படும் மாணவருக்கு இது சலுகை அல்ல, கணக்குப் பாடம் மாதிரிக் கல்வியின் ஒரு பகுதி.

பணக் கணக்கு

இதற்குப் பிறகு ஒரு புது ஆள் மேடைக்கு வருகிறார்: கணக்காளர். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகக் கணக்குப்படி, 2010ல் அந்தத் தனி வேனில் ஒரு பயணத்துக்குச் சராசரியாக 29.30 டாலர் செலவு. சாதாரண பஸ்ஸில் 8.15 டாலர். பஸ் நிர்வாகங்கள் திடீரென்று பயணப் பயிற்சியில் ஆர்வம் காட்டியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். நல்ல காரியம் கெட்ட காரணத்துக்காக நடந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் செலவைக் குறைப்பதே நோக்கம் என்றால், தயாராகாத ஒருவரைப் பஸ்ஸுக்குத் தள்ளிவிடும் ஆசை வரும்.

அதற்கு அவர்கள் சட்டத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. வேன் தகுதியைப் பயணத்துக்குப் பயணம் பார்க்கலாம். ஒருவர் வீட்டிலிருந்து கல்லூரிக்குத் தனியாகப் பஸ்ஸில் போகக் கற்றுக்கொண்டால், அந்தப் பாதைக்கு வேன் தேவையில்லை. பழகாத பாதைக்கு, பனி கொட்டும் நாளுக்கு, வேன் உண்டு. முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் ஆளை முத்திரை குத்துவதில்லை.

நம் பக்கம்

இதை நான் தோண்டத் தொடங்கக் காரணம் என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா. அவள் பையனுக்கு 19 வயது, டவுன் சிண்ட்ரோம். சென்னையில் எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வான். தனியாக ஒரு ஸ்டாப்பிங்கூடப் போனதில்லை. ஏன் என்று கேட்டபோது அக்கா சொன்னாள்: "போயிட்டு வந்துடுவான்டா. அது எனக்கே தெரியும். ஒரு நாள் வரலேன்னா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. வில்லோப்ரூக் நிர்வாகி இதைச் சொன்னால் கோபப்படலாம், ஒரு அம்மா சொன்னால் முடியுமா? ஆனால் நியூயார்க் முறை அந்தக் கேள்வியைத்தான் நேராக எடுத்துக்கொள்கிறது. 'பயப்படாதீங்க' என்று சொல்வதில்லை. எதற்குப் பயப்படுகிறீர்களோ அதை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம் என்கிறது.

நம் ஊருக்கு ஏற்ற படிப்பட்டியல் வேறு மாதிரி இருக்க வேண்டும். 21ஜி என்றால் எண் மட்டும் போதாது, எழுத்தும் பார்க்க வேண்டும். கட் சர்வீஸ் பாதியில் நின்றுவிடும். டிரைவர் ஸ்டாப்பிங்கைத் தாண்டி நிறுத்தினால் ஓட வேண்டும். இதெல்லாம் 1978 பட்டியலில் இல்லை. அதே நேரம் அமெரிக்கப் பஸ்ஸில் இல்லாத ஒரு வசதி நம்மிடம் உண்டு: கண்டக்டர். வண்டிக்குள்ளேயே ஒரு ஆள், ஒவ்வொரு பயணியையும் முகம் பார்த்துப் பேசும் ஆள். 'அண்ணா, அடையாறு வந்தா சொல்லுங்க' என்ற ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தால் பாதி ஆபத்து போய்விடும். கட்டணமும் பிரச்சினை இல்லை. 2021லிருந்து தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவர் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது.

ரயில் பக்கம் போனால்தான் சிக்கல். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு இந்திய ரயில்வே தரும் கட்டணச் சலுகையின் நிபந்தனை, அவர் 'துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்' என்பது. மருத்துவர் அதற்குச் சான்று தர வேண்டும். பார்வையற்றவருக்குத் தனியாக வந்தாலும் துணையோடு வந்தாலும் சலுகை உண்டு. அறிவுசார் குறைபாடு என்றால், தனியாக வர முடியாது என்று எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

மென்பொருள் மொழியில் சொன்னால், அந்தப் படிவத்தில் இந்த விவரத்துக்கு ஆம், இல்லை என்று இரண்டே மதிப்புகள். தாம்பரத்திலிருந்து பீச் வரை தனியாக வருவான், ஆனால் மதுரைக்குத் துணை வேண்டும் என்றால் அதை எழுத இடமில்லை. இப்போது ஒரு அம்மா பிள்ளைக்கு ஆறு மாதம் கஷ்டப்பட்டுப் பயிற்சி கொடுக்கிறாள், அவன் தேர்ச்சி பெறுகிறான் என்று வையுங்கள். உண்மையைச் சொன்னால் சலுகை போகும். சலுகை வேண்டுமென்றால், அவன் கற்றதை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதிய விதி அல்ல, இரக்கத்தில் எழுதியதுதான். பெர்ஸ்கி 1972ல் எழுதியது இந்த மாதிரி இரக்கத்தைப் பற்றித்தான்.

தாழ்தள பஸ்ஸுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பயிற்றுநர்களுக்குப் பள்ளியில் பணியிடம் வேண்டும். இந்தப் படிவத்தில் 'எந்தப் பயணத்துக்குத் துணை தேவை?' என்று ஒரு வரி சேர்க்கப் பணமே வேண்டாம். முதலில் அதைச் செய்யலாம்.